டப்ளின் 1916: மூடி வைத்த திட்டம் முறிந்த இடங்கள்

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள், நண்பகல். டப்ளின் சாக்வில் தெருவில் இருக்கும் தலைமை அஞ்சலகத்துக்குள் துப்பாக்கிகளோடு ஓர் அணி நுழைந்து, வரிசையில் நின்றவர்களை வெளியே போகச் சொன்னது. சற்று நேரத்தில் பள்ளித் தலைமையாசிரியரும் கவிஞருமான பேட்ரிக் பியர்ஸ் வாசலுக்கு வந்து ஐரிஷ் குடியரசின் பிரகடனத்தை வாசித்தார். நின்று கேட்டவர்கள் சிலரே. ஆறாவது நாள் அவர் சரணடைந்தார். அந்த வாரத்தில் 485 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆயுதம் ஏந்தாத பொதுமக்கள்.

படைக் கணக்கில் இது தோல்விதான். தோற்றதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஆள் குறைவு. ஆள் ஏன் குறைந்தது என்று பின்னோக்கிப் போனால் கதை ரகசியத்தில் போய் நிற்கிறது. காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பயந்து போட்ட பூட்டு, சொந்த ஆட்களையே வெளியே நிறுத்திவிட்டது.

நூற்றாண்டுப் பயம்

அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1791இல் பெல்ஃபாஸ்டிலும் டப்ளினிலும் தொடங்கிய ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கம், பிரெஞ்சுப் படை வந்து இறங்கும் என்பதை நம்பிக் கிளர்ச்சிக்குத் தயாரானது. 1796 டிசம்பரில் பிரெஞ்சுக் கப்பல்கள் பான்ட்ரி விரிகுடா வரை வந்துவிட்டன. புயலில் ஒரு வீரனும் கரையிறங்க முடியாமல் திரும்பின. 1798 மார்ச் 12 அன்று டப்ளினில் ஆலிவர் பாண்ட் என்பவரின் வீட்டில் கூடியிருந்த லின்ஸ்டர் மாகாணக் குழு மொத்தமாகப் பிடிபட்டது. தகவல் கொடுத்தவர் தாமஸ் ரெனால்ட்ஸ், குழுவுக்குள்ளேயே இருந்தவர். மே மாதம் சங்கத் தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் பிடிபட்டார். கிளர்ச்சி வெடித்தபோது அதை நடத்தத் தலைமை வெளியே இல்லை. வெக்ஸ்ஃபோர்டில் மக்கள் ஈட்டிகளோடு எழுந்து நின்றும் ஜூன் 21 அன்று வினிகர் மலையில் நசுக்கப்பட்டனர். ஆகஸ்டில் ஹம்பேர் தலைமையில் சுமார் 1,000 பிரெஞ்சு வீரர்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 1801இல் ஐரிஷ் நாடாளுமன்றமே கலைக்கப்பட்டு நாடு பிரிட்டனோடு இணைக்கப்பட்டது.

அடுத்த கிளர்ச்சியைத் திட்டமிட்ட ராபர்ட் எம்மெட் 1803இல் மறு கோடிக்குப் போனார்: விஷயம் தெரிந்தவர்களைக் குறைத்தார், டப்ளினுக்குள் மறைவான கிடங்குகளில் ஆயுதம் சேர்த்தார். ஜூலை 16 அன்று பேட்ரிக் தெருக் கிடங்கில் வெடிவிபத்து நடந்ததால் நாள் முந்தியது. ஜூலை 23 மாலை பக்கத்து மாவட்டங்களுக்குச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. வந்தவர்களிலும் பலர் திரும்பிப் போனார்கள். தெருச்சண்டையாகச் சுருங்கிய அந்த முயற்சியை 1916இல் நடந்ததற்கு ஒத்திகை என்றே சொல்லலாம்.

1848 அதிகம் எழுதத் தேவையில்லாத முயற்சி. டிப்பரேரியின் பாலிங்கேரியில் ஒரு விதவையின் வீட்டுக்குள் புகுந்த காவலர்களைச் சுற்றி நடந்த சண்டையோடு முடிந்தது. ஆனால் அது நடந்த காலம் முக்கியம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கித் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினர். அமெரிக்கா போன அந்தக் குடும்பங்களின் கோபமும் பணமும்தான் 1858 மார்ச் 17 அன்று தொடங்கிய ஐரிஷ் குடியரசுச் சகோதரத்துவம் என்ற ரகசியச் சங்கத்துக்குப் பிற்பாடு உரமாயின. அதன் 1867 மார்ச் கிளர்ச்சியையும் உள்ளிருந்தே ஒருவர் விற்றார், பெயர் கோரிடன்.

இந்தப் பாடத்தைத் தலையில் சுமந்து வந்தவர் டாம் கிளார்க். 15 ஆண்டு ஆங்கிலேயச் சிறையில் கழித்துவிட்டு, டப்ளினில் சிறு புகையிலைக் கடை வைத்திருந்தவர். ‘முந்தைய தலைமுறைகள் பேசியே கெட்டன’ என்ற முடிவுக்கு அவரைப் போன்றவர்கள் வந்ததில் வியப்பில்லை.

சங்கத்துக்குள் சங்கம்

ஆயுதம் முதலில் எதிர்த்தரப்பில்தான் வந்தது. ஐரிஷ் தன்னாட்சிச் சட்டத்தை எதிர்த்த, வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் தொண்டர்கள் 1914 ஏப்ரலில் லார்ன் துறைமுகத்தில் சுமார் 25,000 துப்பாக்கிகளை இறக்கினார்கள். அரசு பார்த்துக்கொண்டிருந்தது. அல்ஸ்டர் தொண்டர்களுக்குப் போட்டியாக 1913 நவம்பரில் தொடங்கியிருந்த ஐரிஷ் தொண்டர் படை ஜூலை 26 அன்று ஹௌத் துறைமுகத்தில் 900 மௌசர் துப்பாக்கிகளை இறக்கியது. 1871 மாடல், ஒரு குண்டு போட்டுச் சுட்டுவிட்டு மறுபடி போட வேண்டும். கரும்புகை எழும்பிச் சுடுபவனின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்தப் பழைய சரக்குதான் 1916இல் டப்ளினின் முக்கிய ஆயுதம்.

உலகப்போர் வந்ததும் தன்னாட்சிக் கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்ட் தொண்டர்களைப் பிரிட்டிஷ் படையில் சேரச் சொன்னார். 1,70,000க்கு மேல் இருந்த படை உடைந்து பெரும்பகுதி அவரோடு போனது. மிஞ்சிய பத்தாயிரத்துச் சொச்சம் பேருக்குத் தலைவர் ஓவன் மக்னீல், பழைய ஐரிஷ் வரலாற்றுப் பேராசிரியர். அவரது நிலைப்பாடு தெளிவானது: அரசு ஆயுதத்தைப் பறிக்க வந்தால் அடிப்போம், வெல்ல வாய்ப்பில்லாத கிளர்ச்சியை நாமாகத் தொடங்க மாட்டோம். சகோதரத்துவத்தின் 1873 விதிகளும், போர் தொடங்கும் நேரத்தை ஐரிஷ் மக்களின் பெரும்பான்மையே முடிவு செய்ய வேண்டும் என்றே சொல்லின.

இந்த இரண்டு தடைகளையும் சுற்றிப் போகவே 1915இல் ராணுவக் குழு அமைந்தது. பியர்ஸ், ஜோசப் பிளங்கெட், ஏமன் கேன்ட், பிறகு கிளார்க், ஷான் மக்டெர்மட். தனியே ஒரு சிறு படை வைத்துக்கொண்டு தாமே தொடங்கிவிடுவோம் என்று மிரட்டிவந்த தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கானலி 1916 ஜனவரியில் உள்ளே இழுக்கப்பட்டார். கடைசியாக ஏப்ரலில் தாமஸ் மக்டோனா. மொத்தம் ஏழு பேர். சகோதரத்துவத்தின் உச்சக் குழுத் தலைவர் டெனிஸ் மக்கல்லோவுக்கே நாள் கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. தொண்டர் படைத் தலைவர் மக்னீலுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. ஈஸ்டர் ஞாயிறு ‘வழக்கமான பயிற்சி’ என்று அவர் பெயரிலேயே அணிவகுப்பு ஆணை போகும். அணிகள் கூடிய பிறகு போர் என்று அறிவிக்கப்படும். இதுதான் ஏற்பாடு.

இதில் ஒரு பலவீனம் வெளிப்படை. ஆணை மக்னீலின் அதிகாரத்தில் ஓடுகிறது என்றால், அதை நிறுத்தும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது.

வானொலி இல்லாத கப்பல்

ஜெர்மனியிலிருந்து 20,000 துப்பாக்கிகள் கெர்ரி மாவட்டத்தின் டிராலி விரிகுடாவுக்கு வர வேண்டும். ரஷ்யரிடமிருந்து கைப்பற்றியவை. கூடவே 10 இயந்திரத் துப்பாக்கிகள். கப்பலின் உண்மைப் பெயர் லிபாவ். நார்வேயின் ‘ஆவுட்’ போல வேடமிட்டு, கேப்டன் கார்ல் ஸ்பிண்ட்லர் தலைமையில் ஏப்ரல் 9 அன்று கிளம்பியது. ஏப்ரல் 20 முதல் 23 வரை எந்த நாளிலும் சேரலாம் என்பது முதல் ஏற்பாடு. பிறகு ராணுவக் குழு யோசித்தது: ஆயுதம் முன்பே இறங்கினால் அரசு விழித்துக்கொள்ளும், ஞாயிறு இரவுக்கு முன் வேண்டாம். இந்தத் திருத்தம் பிளங்கெட்டின் சகோதரி வழியே நியூயார்க் போய், அங்கிருந்து பெர்லின் போனது. அதற்குள் ஆவுட் கடலில் இருந்தது. அதில் வானொலிக் கருவி கிடையாது.

ஆவுட் ஏப்ரல் 20 வியாழன் அன்றே வந்துவிட்டது. சைகை கொடுக்கக் கரையில் யாரும் இல்லை. கெர்ரித் தொண்டர்கள் ஞாயிறை எதிர்பார்த்திருந்தார்கள். வெள்ளியன்று பிரிட்டிஷ் கடற்படை கப்பலை மடக்கி க்வீன்ஸ்டவுன் துறைமுகத்துக்கு இட்டுச் சென்றது. சனி காலை துறைமுக வாயிலில் ஸ்பிண்ட்லர் கப்பலைத் தானே வெடிவைத்து மூழ்கடித்தார். அதே வெள்ளி அதிகாலை நீர்மூழ்கியில் வந்து பான்னா கடற்கரையில் இறங்கிய, ஜெர்மனியில் உதவி தேடிப் போயிருந்த ரோஜர் கேஸ்மென்ட் சில மணி நேரத்தில் பிடிபட்டார். அவர் வந்ததே கிளர்ச்சியை நிறுத்தச் சொல்லத்தான். ஜெர்மானியர் தருவது போதாது என்பது அவர் முடிவு. அன்றிரவு, வானொலிக் கருவிகளை எடுத்துவரப் போன தொண்டர்களின் கார் ஒன்றின் ஓட்டுநர் இருட்டில் வழி தவறி, பாலிகிசேன் படகுத்துறையிலிருந்து நேராகக் கடலில் இறக்கிவிட்டார். மூவர் மூழ்கினர்.

மறுபக்கத்திலும் ரகசியம் இதே வேலையைச் செய்தது. வாஷிங்டன் தூதரகத்துக்கும் பெர்லினுக்கும் இடையே போன ஜெர்மன் தந்திகளைப் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவு உடைத்துப் படித்து, ஆயுதக் கப்பல் வருவதை அறிந்திருந்தது. சங்கேதத்தை உடைத்தது வெளியே தெரிந்துவிடும் என்று டப்ளின் நிர்வாகத்துக்கு மங்கலாகத்தான் சொன்னது. கப்பல் மூழ்கியது, கேஸ்மென்ட் சிக்கினார் என்றதும் துணைச் செயலர் மேத்யூ நேதன் ஆபத்து கடந்துவிட்டதென்று நினைத்தார். வைஸ்ராய் விம்போர்ன் தலைவர்களை உடனே கைது செய்யச் சொன்னார். நேதன் லண்டனின் ஒப்புதலுக்குக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பிலேயே திங்கள் நண்பகல் வந்துவிட்டது.

எதிராணை

வியாழன் இரவு மக்னீலுக்கு உண்மை தெரிந்தது. நேரே பியர்ஸின் பள்ளிக்குப் போய்க் கேட்டார், பியர்ஸ் மறுக்கவில்லை. வெள்ளி காலை மக்டெர்மட் வந்து, ஆயுதக் கப்பல் வருகிறது, இனி நிறுத்தினாலும் அரசு நம்மை விடாது என்றார். மக்னீல் தயங்கி ஒப்புக்கொண்டார். கிளர்ச்சியை எதிர்த்த பல்மர் ஹாப்சனை அன்று மாலை சகோதரத்துவத்தாரே பிடித்து ஒரு வீட்டில் அடைத்தார்கள். சனிக்கிழமை கப்பல் போன செய்தி வந்தது. ஒப்புக்கொண்டதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. இரவே மக்னீல் ரத்து ஆணை எழுதினார்; தூதர்கள் கார்களிலும் ரயில்களிலும் கிளம்பினார்கள்; ஞாயிறு காலை நாளிதழில் அறிவிப்பும் வந்தது.

தூதர்களில் ஒருவர் ஓ’ராஹிலி. ரத்து ஆணையோடு தென்பகுதி முழுக்கக் காரோட்டினார். திங்களன்று கிளர்ச்சி எப்படியும் நடக்கிறது என்று தெரிந்ததும் அதே காரில் அஞ்சலகத்துக்கு வந்து சேர்ந்து, வெள்ளியன்று மூர் தெருவில் சுடப்பட்டு இறந்தார். மக்னீலைக் கோழை என்று ஒரு வார்த்தையில் தள்ளுபவர்கள் இந்த மனிதரை எங்கே வைப்பார்கள்?

ஞாயிறு காலை ராணுவக் குழுவின் ஏழு பேரும் கானலியின் தொழிற்சங்கக் கட்டடமான லிபர்ட்டி ஹாலில் கூடி ஒரு நாள் தள்ளினார்கள். அதே கட்டடத்தில் பிரகடனம் அச்சாகிக்கொண்டிருந்தது. அச்செழுத்து போதாமல் மேல்பாதியை அடித்துவிட்டு, அதே எழுத்துகளைப் பிரித்துக் கோத்துக் கீழ்ப்பாதியை அடித்தார்கள். பக்கத்துக்குள்ளேயே எழுத்துருக்கள் மாறுகின்றன.

வெளிமாவட்டங்களுக்கு ஆணை, ரத்து, மறு ஆணை என்று மாறி மாறிப் போனது. கார்க் நகரத் தொண்டர்கள் கூடிக் கலைந்து, பிறகு வாரம் முழுக்கத் தங்கள் கட்டடத்திலேயே காத்திருந்தார்கள். டப்ளினிலும் பலர் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். திங்களன்று திரண்டவர்கள் 1,200ஐ ஒட்டி. வாரத்துக்குள் சுமார் 1,600.

ஆள் இல்லாத வளையம்

லிஃபி ஆற்றின் இரு கரையிலும் வலுவான கட்டடங்களைப் பிடித்து, படைவீடுகளிலிருந்து நகர மையத்துக்கு வரும் வழிகளை அடைப்பது திட்டம். வடக்கே அஞ்சலகமும் நீதிமன்றங்கள் இருந்த ஃபோர் கோர்ட்ஸும். தெற்கே ஜேக்கப் பிஸ்கட் ஆலை, போலண்ட் மாவாலை, சவுத் டப்ளின் யூனியன் என்ற ஏழைகள் விடுதி, செயின்ட் ஸ்டீஃபன் பூங்கா. மூன்று மடங்கு ஆட்களை மனத்தில் வைத்து வரைந்த வளையம் இது. வந்தவர்களை வைத்து நிரப்பியபோது இடையிடையே ஓட்டை விழுந்தது.

எந்த ஓட்டை எவ்வளவு விலை கேட்டது என்று பார்க்கலாம். கிரவுன் சந்துத் தொலைபேசி நிலையத்தைப் பிடிக்கவில்லை; அரசின் தொடர்பு அறுபடவே இல்லை. கிங்ஸ்பிரிட்ஜ், ஏமியன்ஸ் தெரு ரயில் நிலையங்கள் திறந்திருந்தன; திங்கள் மாலையிலேயே கரா முகாமிலிருந்து துருப்புகள் ரயிலில் வந்து இறங்கின, பிறகு அத்லோனிலிருந்து பீரங்கிகள் வந்தன. டிரினிட்டி கல்லூரி பிடிபடாமல் நடுவே நின்றதால் வளையம் இரண்டாகப் பிளந்தது. அரசு நிர்வாகத்தின் தலைமையிடமான டப்ளின் கோட்டையில் வாசல் காவலர் ஆறு பேரைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டு, உள்ளே பெரிய படை இருக்கும் என்று பின்வாங்கினார்கள். உள்ளே ஒரு கை ஆட்களே இருந்தனர். அதிகாரிகள் பலர் ஃபேரிஹவுஸ் குதிரைப் பந்தயத்தில். ஃபீனிக்ஸ் பூங்காவின் வெடிமருந்துக் கோட்டையைத் தகர்த்து அந்த ஓசையையே சமிக்ஞையாக்க நினைத்தார்கள். முக்கியக் கிடங்கின் சாவியை வைத்திருந்த அதிகாரியும் பந்தயத்துக்குப் போயிருந்தார். பெரிய வெடி வெடிக்கவில்லை.

செயின்ட் ஸ்டீஃபன் பூங்காவில் நடந்தது தவறான இடத்தேர்வு. மைக்கேல் மாலின் ஆட்கள் புல்வெளியில் பதுங்குகுழி வெட்டினார்கள். சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். ஷெல்போர்ன் ஓட்டலைப் பிடிக்க ஆளில்லை. செவ்வாய் விடிவதற்குள் படை அந்த ஓட்டலில் இயந்திரத் துப்பாக்கியை ஏற்றிவிட்டது. குழியில் இருந்தவர்கள் மருத்துவக் கல்லூரிக் கட்டடத்துக்கு ஓட வேண்டியதாயிற்று.

இடம் சரியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மவுன்ட் தெருப் பாலம். புதன்கிழமை கிங்ஸ்டவுனில் இறங்கி நடந்து வந்த ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் படை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். நார்தம்பர்லாண்ட் சாலை 25ஆம் எண் வீட்டில் இருவர், பாலத்துக்கு அப்பால் கிளான்வில்லியம் மாளிகையில் ஏழு பேர், இன்னும் சில கட்டடங்களில் சிலர் என மொத்தம் 17 பேரளவில் அவர்களைப் பல மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பக்கத்துத் தெருக்கள் வழியாகக் கால்வாயைக் கடந்திருக்கலாம். ஆனால் அதே சாலையில் நேராக முன்னேறு என்று மேலிருந்து உத்தரவு. இறந்தும் காயமுற்றும் விழுந்தவர்கள் 230ஐ ஒட்டி என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது; பிற்கால ஆய்வுகள் அதைக் குறைத்தன. எப்படியானாலும் அந்த வாரத்தில் படை கண்ட பெரிய இழப்பு அங்கேதான்.

மற்ற இடங்களில் பீரங்கியும் தீயும் தீர்மானித்தன. ஹெல்கா என்ற காவற்படகு ஆற்றிலிருந்து லிபர்ட்டி ஹாலைச் சுட்டது. அது காலியாக இருந்தது. சாக்வில் தெருவில் பற்றிய தீ கட்டடம் கட்டடமாகத் தாவியது. தெருவுக்குப் போகாமல் வீட்டுச் சுவர்களைத் துளைத்து நகர்வது என்ற கானலியின் பாடம் அஞ்சலகத்தாருக்குக் கடைசியில் உதவியது. வெள்ளி இரவு எரியும் கட்டடத்தை விட்டு மூர் தெரு வீடுகளுக்குள் சுவர் இடித்து ஊர்ந்தார்கள். கணுக்கால் சிதைந்த கானலியைத் தூக்கிக்கொண்டே. சனிக்கிழமை, தெருவில் மக்கள் சுடப்படுவதைப் பார்த்துவிட்டு, செவிலி எலிசபெத் ஓ’ஃபாரெலிடம் வெள்ளைக் கொடி கொடுத்து அனுப்பினார்கள். நார்த் கிங் தெருவில் வீடு புகுந்த துருப்புகளால் பொதுமக்கள் 15 பேர் கொல்லப்பட்டதும், போர் எதிர்ப்பாளரான ஷீஹி ஸ்கெஃபிங்டன் படைவீட்டில் விசாரணையின்றிச் சுடப்பட்டதும் பிறகே ஊருக்குத் தெரிந்தன.

மேக்ஸ்வெல்லின் பத்து நாள்

கைதிகளை இட்டுச் சென்றபோது டப்ளின்காரர்கள் பலர் ஏசினார்கள். மகனும் கணவனும் பிரான்சில் பிரிட்டிஷ் சீருடையில் இருந்த வீடுகள் அவை. இந்த மனநிலையை, கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஜெனரல் ஜான் மேக்ஸ்வெல் கையில் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் செலவழித்துத் தீர்த்தார்.

3,500 பேர் கைது. கிளர்ச்சியோடு தொடர்பே இல்லாதவர்களும் அதில் உண்டு. பூட்டிய அறையில், வழக்கறிஞர் இல்லாமல் ராணுவ நீதிமன்றம். 90 பேருக்கு மரண தண்டனை, 15 பேருக்கு நிறைவேற்றம். எண்ணிக்கையைவிடத் தவணை மோசம்: மே 3 அன்று மூவர், 4 அன்று நால்வர், 5 அன்று ஒருவர், 8 அன்று நால்வர், 9 அன்று கார்க்கில் ஒருவர், 12 அன்று இருவர். ஒவ்வொரு முறையும் செய்தி வெளியானது தண்டனை முடிந்த பிறகு. பியர்ஸின் தம்பி வில்லி திட்டம் போட்டவர் அல்ல. ஜான் மக்பிரைட் அன்று வழியில் சேர்ந்துகொண்டவர். பிளங்கெட்டுக்குச் சாவதற்குச் சில மணி நேரம் முன் சிறைக்குள் திருமணம். எழுந்து நிற்க முடியாத கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். உடல்களைக் குடும்பத்துக்குக் கொடுத்தால் சமாதி கோயிலாகிவிடும் என்று ஆர்பர் ஹில்லில் சுண்ணாம்பிட்டுப் புதைத்தார்கள். சமாதி இல்லாததே நினைவைப் பெருக்கும் என்று ஜெனரலுக்குத் தோன்றவில்லை. தன் மறைமாவட்டக் குருக்கள் இருவரை அடக்கிவைக்கச் சொன்ன மேக்ஸ்வெல்லுக்கு லிமெரிக் ஆயர் ஓ’டுவையர் கண்டித்து எழுதிய பதில் ஊரெல்லாம் பரவியது.

அரசும் பத்திரிகைகளும் இதை ‘ஷின் ஃபெயின் கிளர்ச்சி’ என்றே எழுதின. அந்தச் சிறு கட்சிக்கு இதில் பங்கில்லை. கிடைத்த பெயரை அது வைத்துக்கொண்டது. 1918 டிசம்பர் தேர்தலில் 105 ஐரிஷ் இடங்களில் 73ஐ வென்றது. அவ்வாண்டு வசந்தத்தில் கட்டாய ராணுவச் சேவையை அயர்லாந்துக்கும் நீட்ட லண்டன் முயன்றதும் அந்த வெற்றிக்கு ஒரு கை கொடுத்தது.

முகாமில் கற்றது

கைதிகளில் 1,800 பேர் வரை வேல்ஸிலுள்ள ஃப்ரோன்கோக் முகாமில் ஒன்றாக அடைக்கப்பட்டார்கள். ஒருவரையொருவர் அறியாத மாவட்ட அணிகளை அரசே அறிமுகம் செய்துவைத்தது. அங்கிருந்த மைக்கேல் காலின்ஸ், அஞ்சலகத்தில் பிளங்கெட்டின் உதவியாளராக எல்லாக் குளறுபடியையும் பக்கத்தில் நின்று பார்த்தவர். பிரிட்டனுக்கு எதிராக 1919இல் தொடங்கிய போரில் அவர் கட்டடம் எதையும் பிடித்து உட்காரவில்லை. உள்ளாள் வைக்கும் கலையைத் திருப்பிப் போட்டார்: டப்ளின் கோட்டைக் காவல்துறைக்குள்ளேயே அவருக்கு ஆட்கள் இருந்தனர். 1798இல் அரசு செய்ததை 1920இல் கிளர்ச்சியாளர்கள் செய்தார்கள். கிராமப்புறங்களில் சிறு நடமாடும் அணிகள் அடித்துவிட்டு மறைந்தன. அந்தப் போர் 1921 ஜூலையில் ஓய்ந்து, பிரிட்டனோடு செய்த டிசம்பர் ஒப்பந்தத்தில் முடிந்தது. வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிந்தே நின்றன.

ஈஸ்டர் வாரத்தின் எதிரொலி இந்தியாவிலும் கேட்டது. அப்போது டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த வி.வி. கிரி, திரும்பிவந்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞரானார். சிட்டகாங்கில் சூரியா சென் குழு தன்னை இந்தியக் குடியரசுப் படை என்று அழைத்துக்கொண்டு, 1930 ஏப்ரல் 18ஐ, புனித வெள்ளியை, தேர்ந்தெடுத்தது. விடுமுறை அங்கும் காலை வாரியது: தாக்கப் போன ஐரோப்பியர் கிளப் காலியாக இருந்தது. ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி கிடைத்தது. குண்டுகள் வேறிடத்தில் இருந்தன.

அயர்லாந்திலேயே பாடத்தை மறந்தவர்களும் உண்டு. 1922 ஜனவரியில் ஒப்பந்தத்தை 64க்கு 57 என்ற வாக்கில், ஷின் ஃபெயின் உறுப்பினர்கள் புதிதாக அமைத்திருந்த ஐரிஷ் நாடாளுமன்றம் ஏற்றது. எதிர்த்தவர்களில் ஒரு பிரிவு ஏப்ரலில் 1916இன் அதே ஃபோர் கோர்ட்ஸைப் பிடித்து உட்கார்ந்தது. காலின்ஸின் புதிய அரசு பிரிட்டிஷ் படையிடமே பீரங்கி இரவல் வாங்கி, ஜூன் 28 அன்று லிஃபிக்கு அப்பாலிருந்து சுட்டது. இரண்டு நாள் தாங்கியது. வளாகத்துக்குள் இருந்த பொது ஆவணக் காப்பகத்தின் பக்கத்தில் வெடிபொருட்கள் வைக்கப்பட்டிருந்தன. ஜூன் 30 அன்று எல்லாம் வெடித்து எரிந்தது. எரிந்த காகிதத் துண்டுகள் நகரெங்கும் பறந்தன. பஞ்சத்துக்கு முன்னும் பின்னும், 1841இலும் 1851இலும், வீடு வீடாக எடுத்த மக்கள்தொகைப் பதிவேடுகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. எந்தக் குடிசையில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் பெயர் என்ன என்பதை அந்த ஏடுகள்தான் வைத்திருந்தன.